மெய்யாய் நடந்தது

அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வர என்னால் இன்னும் முடியவில்லை. நல்லவர் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டுப் போகலாம். ஊரில் பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார்கள். பிழையான வேலை செய்தவர் என்றும் சொல்லலாம். அப்படிச் சொல்வதற்கும் அந்த ஊரில் ஒரு வீட்டில் ஆள் இருந்தது. எனக்கு இரண்டும் சரியாகப் படுகிறது. கொஞ்ச நேரம் கழித்து யோசித்தால் இரண்டும் பிழையாகவும் படுகிறது.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற வழியில், காட்டோடு ஒட்டிய ஒரு குடியிருப்பில் அவர் வாசிகசாலை நடத்தினார். பழைய கூட்டுறவுச் சங்கக் கடையின் நெல் அறையைத் துப்புரவாக்கி, இரும்பு அலுமாரி ஒன்றும் நாலைந்து பாயும் போட்டிருந்தார்கள். எனக்கு அவர் அக்கா. பிள்ளைகளுக்கும் அக்கா, பிள்ளைகளின் தாய்மாருக்கும் அக்கா. தாய்மாரின் தாய்மார்கூட அவரை அக்கா என்று கூப்பிட்டதை நான் கேட்டிருக்கிறேன். வயது என்னவென்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. தலை நரைத்திருந்தது, நடை நரைக்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளைச் சுற்றி இருத்தி ஒரு புத்தகம் வாசிப்பார். வாசித்து முடிந்ததும் எப்படியும் ஒரு பிள்ளை கேட்கும்.

"மெய்யா நடந்ததோ அக்கா?"

"ஓம்."

அவ்வளவுதான். கண்ணைச் சிமிட்டுவது, உதட்டுக்குள் சிரிப்பது, பெரியவர்களைப் பார்த்துச் சாடை காட்டுவது ஒன்றும் கிடையாது. பஸ் போய்விட்டதா என்று கேட்பவருக்குச் சொல்வது மாதிரிச் சொல்வார். வாசித்தது என்ன கதையென்று பார்த்தால், குடை பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன மீனின் கதையாக இருக்கும்.

அந்த மீன் என்னுடையது. நான் அப்போது பரந்தனில் ஒரு அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிற வேலையில் இருந்தேன். கலியாணக் காட், மரண அறிவித்தல், சோதனைத் தாள், இவற்றுக்கு நடுவில் கிடைக்கிற நேரத்தில் சிறுவர் கதை எழுதுவேன். வெளிநாட்டில் இருக்கிற சில நல்ல மனிதர்கள் காசு அனுப்பி அவற்றை அச்சடித்து ஊர் வாசிகசாலைகளுக்குக் கொடுப்பித்தார்கள். முதல் புத்தகம் வந்ததும், அதைப் பிள்ளைகள் எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டு இரண்டு பஸ் மாறி அங்கே போனேன்.

என் புத்தகம் மண்ணிறக் கடதாசி உறை போட்டு இருந்தது. படமும் தலைப்பும் தெரிய உறையில் சதுரமாக வெட்டி விட்டிருந்தார். என் பெயர் இருந்த இடத்தில் வெட்டவில்லை. பின்பக்கத்தில் என்னைப் பற்றி நானே யோசித்து யோசித்து எழுதிய நாலு வரியும் பசை பூசி ஒட்டப்பட்டிருந்தது. அலுமாரியைத் திறந்து பார்த்தேன். எல்லாப் புத்தகத்துக்கும் அதே கதி. எழுதினவன் ஒருத்தனுக்கும் பெயர் இல்லை.

"அக்கா, என்ரை பேரைக் காணேல்லை," என்றேன்.

"உள்ளுக்கைதான் இருக்கு தம்பி. ஒரு இடமும் ஓடிப்போகாது."

"ஏன் மூடினீங்கள்?"

"ஆரோ மேசையிலை இருந்து எழுதினது எண்டு தெரிஞ்சால், பிள்ளையளுக்கு அது நடந்ததா இராது. உமக்குப் பேர் வேணுமோ, மீன் வேணுமோ?"

எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. ஆனால் அதை அந்த முகத்துக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

பிள்ளைகளுக்கு என்னை எழுத்தாளர் என்று அறிமுகம் செய்யவில்லை. "இந்த அண்ணா ஊர் ஊராய்ப் போய் நடந்ததுகளை விசாரிச்சு எழுதிக்கொண்டு வாறவர்," என்றார். உடனே ஒரு சின்னப் பெட்டை எழும்பி, அந்த மீன் எந்தக் குளத்தில் இருக்கிறது என்று கேட்டாள். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வேறு வழியில்லாமல், கனகராயன் ஆற்றுப் பக்கம் என்று சொல்லிவிட்டேன். பெட்டை விடவில்லை. "அதுக்கு இப்ப எத்தினையாம் வகுப்பு?" அவள் பெயர் தர்சி. முன்பல் இரண்டும் விழுந்து அப்போதுதான் முளைத்துக்கொண்டு வந்தது.

இப்படிச் சொல்வதால் அக்கா பொய்க்காரி என்று நினைத்துவிடக் கூடாது. எனக்குக் குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. கதைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டால் அவரைப் போல உண்மை பேசுகிற ஆளை நான் கண்டதில்லை. பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் பலகாரம் எப்படி என்று வீட்டுக்காரி பல்லெல்லாம் தெரியக் கேட்டால், "எண்ணெய் பழசு," என்பார். அடுத்த வளவுப் பிள்ளையைப் பெண் பார்க்க வந்தவர்கள் போகிற வழியில் அவரிடம் விசாரித்தார்கள். "நல்ல பிள்ளை. கோபம் வந்தால் சட்டி பானை மிஞ்சாது," என்றார். கலியாணம் குழம்பிப் போனது. அந்த வீட்டார் அவரோடு கனகாலம் கதைக்கவில்லை. அதற்காக அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

ஒருமுறை ஒரு தகப்பன் சைக்கிளை வாசிகசாலை வாசலில் சாத்திவிட்டு முறைப்பாட்டோடு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"அக்கா, எங்கட பெடியன் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாய்க்காலுக்குள்ளை குனிஞ்சபடி நிக்கிறான். குடை பிடிச்ச மீன் வருமாம். அது சும்மா கதைதான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ."

"வாய்க்காலிலை இப்ப தண்ணி எவ்வளவு?"

"முழங்கால் அளவுக்கும் வராது."

"பாம்பு பூச்சி?"

"துப்புரவாக்கின வாய்க்கால் அக்கா."

"அப்ப நிக்கட்டும். மீன் பாக்கிறதிலை என்ன பிழை?"

தகப்பன் என்னைப் பார்த்தார். நான் அலுமாரிக்குள் எதையோ தேடுகிறது போலத் தலையை விட்டுக்கொண்டேன்.

ஏன் இப்படி என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணம் சொன்னார். ஒருநாள் சொன்ன காரணம் இது: சண்டைக் காலத்தில் பங்கர்க் குழிக்குள் இருந்தபோது பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டு இருந்தாராம். ஒரு பிள்ளை மெய்யோ என்று கேட்க, பக்கத்தில் இருந்த ஒரு பெரிய மனிதர் முந்திக்கொண்டு "சும்மா கதை" என்று சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு வெளியில் விழுகிற செல் சத்தம் மட்டும்தான் கேட்டதாம். இன்னொரு நாள் கேட்டபோது, "நீர் திருநீறு பூசேக்கை மெய்யோ எண்டு விசாரிச்சே பூசுறனீர்?" என்றார். பிறகொரு நாள் வெயிலுக்குள் நடந்து வந்த களைப்போடு சொன்னார்: "இந்தப் பிள்ளையளுக்கு எல்லாத்துக்கும் இல்லை எண்டு சொல்லிச் சொல்லி வாய் புளிச்சுப்போச்சு தம்பி. பால்மா இல்லை, பஸ் இல்லை, அப்பா இல்லை. இதுக்காவது ஓம் எண்டு சொல்லுவமே."  இந்த மூன்றில் எது மெய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது தெரிந்ததுதானே.

காசு அனுப்புகிறவர்கள் ஒருமுறை, இந்த வன்னிப் பக்கத்து ஊரவர் யாராவது எழுதிய கதை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நான் அக்காவிடம் போய் நின்றேன். கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தார். "நான் எழுதினால் அது எழுதினதாப் போயிடும்." உங்கள் பெயரைப் போடவே மாட்டோம், உறை போடுகிற வேலையும் மிச்சம் என்று நான் பகிடியாகச் சொன்னேன். அந்தப் பகிடி அவருக்குப் பிடித்துவிட்டது. மாதம் ஒன்று கழித்துப் போனபோது, கிழித்த கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதித் தந்தார்.

யானைக் கதை. காட்டோரத்து வீடு. வாழைத் தோட்டத்துக்கு யானை வருகிறது. ஊரவர்கள் யானை வெடி கொளுத்திப் போடப் போட அதற்குக் கோபம் ஏறுகிறது. அப்போது அந்த வீட்டுச் சின்னப் பெட்டை வேலியடிக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறாள்: "பிள்ளையாரப்பா, எங்கட வாழை இன்னும் குலை போடேல்லை. போட்டால் உங்களுக்கும் ஒரு சீப்பு. இப்ப போயிட்டு வாங்கோ." யானை அவள் முகத்தைப் பார்க்கிறது, காதை ஆட்டுகிறது, திரும்பிப் போகிறது. குலை பழுத்ததும் அவள் மறக்காமல் ஒரு சீப்புப் பழத்தைக் காட்டோரத்தில் வைக்கிறாள்.

வாசித்துவிட்டுத் தாள்களை மறுபடி முதலில் இருந்து புரட்டினேன். பொறாமை என்றால் பொறாமைதான். மேசையில் இருந்து எத்தனை வருடம் எழுதினாலும் எனக்கு அப்படி ஒரு கதை வராது. பரந்தனில் யானையும் இல்லை.

"அக்கா, இதுக்கும் ஓம் எண்டே சொல்லப்போறீங்கள்?"

"ஓம். இது மெய்யாவே நடந்தது. என்ரை அப்பா அப்பிடிச் சொல்லித்தான் யானையை அனுப்புறவர். நான் கண்ணாலை கண்டனான்."

காட்டோரத்து ஆட்கள் யானையைப் பிள்ளையார் என்று கூப்பிட்டு வழி கேட்பது எனக்கும் தெரியும். அதனால் நம்பினேன். அக்காவே இளம் வயதில் தென்னோலைப் பந்தத்தோடு ஒரு யானையைக் கலைத்தவர் என்று ஊரில் சொல்வார்கள். அவருக்கு யானைப் பயம் கிடையாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. புத்தகம் வடிவாக வந்தது. பெட்டையும் யானையும் ஆளையாள் முகம் பார்த்தபடி நிற்கிற படம் நடுப்பக்கம் முழுக்க இருந்தது. அக்கா அதை வாசித்த சனிக்கிழமை, தர்சி அந்தப் பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மெய்யா நடந்ததோ அக்கா?"

"ஓம்."

நெல் முற்றுகிற காலம் வந்தது. யானைகள் காட்டுக்கு வெளியே வருகிற காலமும் அதுதான். தர்சியின் தகப்பன் வயல் காவலுக்குப் போயிருந்தார். பொழுதுபடுகிற நேரம் தாய் குசினியில் சமைத்துக்கொண்டு இருந்தாள். நாய் ஒரு மாதிரிக் குரைக்கிற சத்தம் கேட்டு வெளியே வந்தவள் கண்டது, பின் வேலியை உடைத்துக்கொண்டு வாழைக்குள் ஒரு கால் வைத்து நிற்கிற யானையும், அதற்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற தன் பிள்ளையும். தாய்க்குக் குரல் வரவில்லை. தர்சி சொல்ல வேண்டியதை ஒரு சொல்லும் விடாமல் சொல்லி முடித்தாள். யானை நின்றது. காதை ஆட்டியது. திரும்பிப் போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது ஊரே திருவிழாவாக இருந்தது. பிள்ளையாருக்குப் பொங்கி, மோதகம் அவித்து, தர்சியைக் கதிரையில் ஏற்றி வைத்து மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். வாசிகசாலைக்கு ஒருநாளும் வராத ஆம்பிளைகள் எல்லாம் வந்து அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்கள். எனக்குச் சந்தோசமாக இருந்ததா, நெஞ்சு பதறியதா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்திருக்க வேண்டும். அக்காவை மட்டும் காணவில்லை.

அவர் தன் வீட்டுப் பின்பக்கம் கிணற்றுக் கட்டில் இருந்தார். சமைத்த அடையாளம் இல்லை. என்னைக் கண்டதும் வா என்று சொல்லவில்லை.

"அப்பா பரணிலை நிண்டவர் தம்பி," என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"மரத்திலை கட்டின காவல் பரண். கீழை நெருப்பு எரிஞ்சுகொண்டு நிண்டது. பக்கத்திலை வெடி. மேலை பாதுகாப்பா நிண்டுதான் அவர் பிள்ளையாரப்பா எண்டு கும்பிட்டவர். நான் கதையிலை பரணை விட்டிட்டன். நெருப்பையும் விட்டிட்டன்."

"ஏன் அக்கா?"

"வடிவில்லை. பிள்ளை மேலை ஏறி நிண்டால் யானையும் அவளும் முகம் பாக்கேலாது. முகம் பாக்காட்டில் அதிலை என்ன கதை இருக்கு?"

 நானாக இருந்தாலும் பரணை விட்டுத்தான் எழுதியிருப்பேன். கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். இடைஞ்சலாக இருப்பதை எடுத்து அங்காலே வைக்கிறோம். அது பரணா, நெருப்பா என்று யார் பார்க்கிறார்கள்.

"அந்தப் பிள்ளை இன்னொருக்கால் போகும்," என்றார் அக்கா. "எல்லா யானையும் திரும்பிப் போகாது." எழும்பிச் சேலையை உதறினார். "வாரும். போய்ச் சொல்லுவம்."

தர்சியின் வீட்டு முற்றத்தில் தாய் எங்களுக்கு முகம் கொடுக்கவில்லை. ஊர் முழுக்கக் கொண்டாடியபோதும் அவள் ஒருத்திதான் நடந்ததை நடந்தபடி பார்த்தவள். "என்ரை பிள்ளையை யானைக்கு முன்னாலை கொண்டுபோய் விட்டது நீங்கள்தான் அக்கா," என்று மட்டும் சொன்னாள். "ஓம்," என்றார் அக்கா. பிறகு தர்சியைக் கூப்பிட்டுத் தன் முன்னால் இருத்தினார்.

"பிள்ளை, அந்த யானைக் கதை பொய்."

அவர் அந்தச் சொல்லை ஒரு கதைக்குச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.  தர்சி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"நானே செய்தனான் அக்கா. யானை போயிட்டுது."

"என்ரை அப்பா பரணிலை நிண்டவர். நான் அதைச் சொல்லேல்லை."

"நான் நிலத்திலைதான் நிண்டனான். அப்பவும் போயிட்டுதே."

"அது தன்ரை பாட்டுக்குப் போனது. நீ சொன்னதாலை இல்லை."

"நான் சொல்லி முடிச்சவுடனைதான் போனது. அம்மாவைக் கேளுங்கோ."

அக்காவால் தாயைப் பார்க்க முடியவில்லை. தர்சி கொஞ்சம் யோசித்தாள். அந்த வயதுப் பிள்ளைகள் யோசிக்கும்போது எனக்கு எப்போதும் பயமாக இருக்கும்.

"அப்ப குடை பிடிச்ச மீனும் பொய்யோ?"

அந்த இடத்தில் ஓம், பொய் என்று சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். எனக்கே அதைச் சொல்லிவிட வேண்டும் போல் வாய் துடித்தது, என் மீன்தானே. அக்கா வாயைத் திறந்தார், மூடினார். முற்றத்து மண்ணைப் பார்த்தார்.

"மீன் மெய்," என்றார்.

"அப்ப யானையும் மெய்தான்," என்று சொல்லிவிட்டுத் தர்சி விளையாடப் போய்விட்டாள்.

திரும்பி வருகிற வழியில் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஒரு பிள்ளையின் உயிர் பெரிதா, மீன் பெரிதா என்று கேட்டேன்.  வாசிகசாலை வாசல் வந்ததும், "வாயிலை வரேல்லை தம்பி," என்றார். அந்த நேரம் அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பிடித்து உலுப்ப வேண்டும் போலவும் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு நாளும் பொழுதுபடுகிற நேரம் தர்சி வீட்டு வளவில் போய் இருக்கத் தொடங்கினார். ஒருவரும் கூப்பிடவில்லை. தாய் கதைக்கவும் இல்லை. முதல் சில நாள் மண்ணில் இருந்தாராம். பிறகு தாய் ஒன்றும் பேசாமல் ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாளாம். இன்னும் கொஞ்ச நாளில் கதிரைக்குப் பக்கத்தில் தேத்தண்ணியும் வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

யானை மறுபடி வந்த பின்னேரம் நான் அங்கே இல்லை. தாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாழைக்குள் சத்தம் கேட்டதும் தர்சி கையைக் கூப்பிக்கொண்டு புறப்பட்டாள். அக்கா கதிரையோடு சேர்ந்து விழுந்தார். விழுந்த இடத்தில் இருந்து தவழ்ந்து வந்து பிள்ளையின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "என்னை விட்டிட்டுப் போகாதை, எனக்குப் பயமாக் கிடக்கு, என்னை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போ," என்று குழந்தை மாதிரிக் குழறி அழுதார். தர்சி யானையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பிறகு அக்காவின் கையைப் பிடித்து எழுப்பி, மெல்ல மெல்ல நடத்தி, வீட்டுக்குள் கொண்டுபோய் இருத்தி, கதவைச் சாத்தினாள். யானை வாழையில் பாதியைத் தின்றுவிட்டுக் குசினிச் சுவரையும் இடித்துவிட்டுப் போனது. முதல் தடவை பிள்ளை நின்ற இடத்தை மிதித்துக்கொண்டுதான் போனது என்று தாய் காட்டினாள். அவள் அக்காவைப் பற்றி அன்றைக்குத்தான் கொஞ்சம் இறங்கிய குரலில் கதைத்தாள்.

அடுத்து நான் போனபோது அக்கா வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டு இருந்தார். வவுனியாவில் அவருடைய தங்கைச்சி இருந்தார். கால் ஏலாத ஆள். கனகாலமாகக் கூப்பிட்டுக்கொண்டு இருந்தவர். வாசிகசாலையை வேறு ஒரு பிள்ளையிடம் பொறுப்புக் கொடுத்தாகிவிட்டது. புத்தகங்களைத் தொடக்கூட இல்லை, தன்னுடைய சாமானை மட்டும் பெட்டியில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக்கொண்டு இருந்தார்.

"இனிப் போகலாம் தம்பி. அவள் பயந்திட்டாள். பெரிய ஆள் ஒண்டு பயந்து அழுகிறதைக் கண்ட பிள்ளை இனி வேலியடிக்குப் போகாது."

"அக்கா, அண்டைக்கு நடிச்சனீங்களோ?"

கயிற்றின் மறு நுனியை என்னிடம் தந்து இழுக்கச் சொன்னார். இழுத்தேன்.

"நான் எப்ப தம்பி நடிச்சனான்?"

நடிக்கவில்லை என்றால், பந்தத்தோடு யானையைக் கலைத்தவர் என்று ஊர் சொல்வது என்ன? நடித்தார் என்றால், பலகாரத்துக்குக்கூடப் பொய் சொல்லாத மனுசி எப்படி அப்படி மண்ணில் புரண்டார்? நான் நின்று யோசித்துக்கொண்டு இருந்தேன். அவர் முடிச்சைப் போட்டு முடித்தார்.

"அந்தப் பிள்ளை சிரிச்சுக்கொண்டு போனது," என்றார். "கையைக் கூப்பிக்கொண்டு, சிரிச்சுக்கொண்டு. அந்தச் சிரிப்பை நீர் பாக்கேல்லை."

காலையில் முதல் பஸ்ஸுக்குப் போவதாக இருந்தார். சொல்லிவிட்டு நான் பஸ் எடுக்க நடந்தேன். பாலத்தடியில் தர்சி நின்றாள். வாய்க்காலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றவள், என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். அக்கா போகப்போகிறார் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை போலிருந்தது. நானும் சொல்லவில்லை. யானைக்குப் பயந்துவிட்டாயா என்று கேட்டேன்.

"எனக்கென்ன பயம்? யானை என்னை ஒண்டும் செய்யாது அண்ணா. அக்காவுக்குத்தான் பயம். நான் வெளியிலை போனால் அவா பயத்திலை செத்துப்போயிடுவா. அதாலைதான் நான் போகேல்லை." பிறகு கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. அவாவுக்குப் பயமில்லை எண்டுதான் ஊரிலை எல்லாரும் நினைச்சுக்கொண்டு இருக்கினம். அவா எங்கட வளவிலை இருக்கிற வரைக்கும் நான் போகமாட்டன்."

"அவா வராட்டில்?"

"வராட்டில் நான் போய்ச் சொல்லுவன்தானே. ஆராவது சொல்லத்தானே வேணும்."

பஸ் வந்தது. நடத்துநர் ஏறுங்கோ என்று கத்தினார். வவுனியாவில் கால் ஏலாத தங்கைச்சி ஒரு பக்கம். இங்கே இந்தப் பிள்ளை ஒரு பக்கம். இன்னும் எத்தனை அறுவடைக்கு யானை வரும், எத்தனை வருடம் ஒரு மனுசி ஒரு கதிரையில் வந்து இருக்க முடியும்? அந்தப் பிள்ளை சொல்ல வேண்டாம் என்று வேறு கேட்டிருக்கிறாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பஸ் போய்விட்டது. நான் ஏறாமல் நின்றேன் என்பது பஸ் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

திரும்பிப் போய்ச் சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அக்கா கட்டிய பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டார். என்னைப் பார்க்கவில்லை. முடிச்சில் கை வைத்து அவிழ்க்கப் பார்த்தார். நான்தானே கயிற்றை இழுத்து இறுக்கியது, அது அசையவில்லை.

"குசினிக்குள்ளை கத்தி கிடக்கும் தம்பி," என்றார். "எடுத்துக்கொண்டு வாரும்."